நெதர்லாந்து மேனேஜருக்கு வேலை தெரியாதா, எனக்குத்தான் புரியவில்லையா?

கோவைக்காரன்: நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, ஐந்து மாதமாகிறது. அதற்கு முன் பத்து வருஷம் சென்னை. அங்கே ரிலீஸ் தேதியை மேனேஜர் சொல்வார், நாங்கள் ராத்திரி உட்கார்ந்து முடிப்போம். திட்டுவார். ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வந்ததும் அவர்தான். இங்கே மேனேஜரே எனக்குக் காபி கொண்டு வருகிறார். தேதி கேட்டால் "நீ என்ன நினைக்கிறாய்?" ஒரு தேதிக்கு மூன்று மீட்டிங்!

நிலா: 11 வருஷமாக இங்கே இருக்கிறேன். இது கடல்மட்டத்துக்குக் கீழேயும் கரை கட்டி வாழும் நாடு தம்பி. கரை உடைந்தால் பண்ணையாரும் மூழ்குவார். அதனால் 13-ஆம் நூற்றாண்டிலேயே கரையையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள நீர் வாரியம் வைத்துப் பேசி முடிவெடுத்தவர்கள். கிட்டத்தட்ட 14 வருஷம் பிரதமராக இருந்த ருட்டே, 2024-இல் பதவியை ஒப்படைத்துவிட்டு சைக்கிளில்தான் கிளம்பிப் போனார். உங்கள் மேனேஜர் கேட்டால் வாயைத் திறவுங்கள். "நீங்க சொல்றபடி" என்றால் உங்களுக்குத்தான் விஷயம் தெரியாது என்று நினைப்பார்.

சந்தேகப்பிராணி: மேலே இருப்பவருக்கு அதிகாரம் அதிகம் என்பதை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று பார்க்கும் 'அதிகார இடைவெளி' கணக்கு ஒன்று உண்டு; ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சு ஆய்வாளர் போட்டது. அதில் இந்தியா 77, நெதர்லாந்து 38. ஆனால் அது ஐபிஎம் என்ற ஒரே கம்பெனியின் ஊழியர்களிடம் எடுத்தது. என் நெதர்லாந்து பாஸ் சரியான சர்வாதிகாரி!

கோவைக்காரன்: நேற்று "இந்தத் தேதி முடியாது" என்று சொல்லிப் பார்த்தேன் அக்கா. கை நடுங்கியது. மனுஷன் "அப்பாடா" என்கிற மாதிரி சிரித்தார். அப்புறம் நாலாவது மீட்டிங் போட்டார்.