ஜப்பான் கல்யாண மொய்: "புது நோட்டு" எது?

வேலன்_யோகோஹாமா: பக்கத்து இழையில் கரிகாலன் எழுதியது இது: "ஜப்பான் கல்யாணத்துக்குப் புது நோட்டுதான் வைக்கணும். அதாவது 2024 ஜூலையில் வந்த ஷிபுசாவா படம் போட்ட 10,000 யென். அதற்கு முந்தின, ஃபுகுசாவா படம் போட்ட பழைய நோட்டு வைத்தால் அவமரியாதை." தப்பு. புது நோட்டு என்றால் கை படாத, மடிப்பு விழாத நோட்டு. யார் படம் என்பது பேச்சே இல்லை. கல்யாணத் தேதி முன்கூட்டியே தெரியும், உனக்காகத் தயாராக இருந்தேன் என்பதைக் காட்டத்தான் மடிக்காத தாள். துக்க வீட்டில் அப்படியே தலைகீழ்: அங்கே கை பட்ட, மடிப்பு விழுந்த நோட்டு. புதுசுதான் கையில் இருந்தால் நடுவில் ஒருமுறை மடித்து வைக்கணும். சாவை எதிர்பார்த்துக் காத்திருந்த மாதிரி ஆகிவிடக் கூடாதே.

கரிகாலன்77: வேலன் சார், வங்கிக் கவுன்ட்டரில் போய்ப் புது நோட்டு கேளுங்கள். எது தருவான்? ஷிபுசாவாதான். அப்போ புது நோட்டு என்றால் ஷிபுசாவா. முடிந்தது.

வேலன்_யோகோஹாமா: முடியவில்லை. பீரோவில் பத்திரமாக வைத்த மடிக்காத ஃபுகுசாவா நோட்டு செல்லும். ஏடிஎம்மில் வந்த கசங்கின ஷிபுசாவா செல்லாது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் போதும்.

மீனா_நாகோயா: ரெண்டு பேருக்கும் ஒரு தகவல். புது நோட்டு வந்த நேரத்தில் ஜப்பான் சமூக ஊடகத்திலேயே நேர்மாறாகத்தான் சண்டை நடந்தது. ஷிபுசாவா பெண்கள் விஷயத்தில் பெயர் எடுத்தவர், அவர் முகத்தைக் கல்யாணக் கவரில் வைக்கலாமா, ஃபுகுசாவாவே மேல் என்று ஒரு கூட்டம். கரிகாலன் அண்ணா சொல்வதற்கு முழு எதிர்ப்பக்கம்.

கரிகாலன்77: அது வம்பு, வழக்கம் இல்லை. மீனா போன மாதம் சாப்ஸ்டிக் இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்தார்.

மீனா_நாகோயா: சாப்ஸ்டிக் இழையில் நான் சொன்னதுதான் சரி. சோற்றில் குச்சியை நட்டு வைப்பது இறந்தவருக்குப் படைக்கிற முறை. அதை "சின்ன விஷயம்" என்று எழுதியவர் நீங்கள்.

சிவகாசி_குமார்: எதுக்கு இவ்வளவு சண்டை? நம்ம 101, 501 மாதிரிதானே. ஒத்தைப்படையில் வைத்தால் சரி. 30,001 யென் வைத்துவிட்டால் தீர்ந்தது.

வேலன்_யோகோஹாமா: ஐயோ குமார், அப்படி யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்! நாம் ஒரு ரூபாய் கூட்டுவது தொகை சைபரில் முடியக் கூடாது என்று. அங்கே முதல் இலக்கமும் தாள் எண்ணிக்கையும்தான் கணக்கு. நண்பர், கூட வேலை செய்கிறவர் என்றால் 30,000, மூன்று தாள். மேலதிகாரி, நெருங்கிய உறவு என்றால் 50,000. ரெண்டாகப் பிரிகிற எண் தம்பதி பிரிவதைக் காட்டுமாம். 4 சாவு, 9 வேதனை என்று ஒலிப்பதால் ரெண்டும் கிடையாது. ஆனால் 8 இரட்டைப்படையாக இருந்தும் ஆகும், அதை எழுதும் எழுத்து கீழே விரிந்து போவதால். 20,000-தான் முடியும் என்றால் 10,000 ஒன்று, 5,000 ரெண்டு, ஆக மூன்று தாள். சில்லறைக் காசைக் கவருக்குள் போடுகிற பழக்கமே இல்லை.

கவரும் அப்படித்தான். கட்டின கயிறு அவிழ்க்க முடியாத முடிச்சாக இருக்கணும், கல்யாணத்துக்குப் பத்து இழை. பூ மாதிரி இழுத்தால் அவிழ்கிற முடிச்சு குழந்தை பிறந்தால் கொடுப்பது. அதைக் கல்யாணத்தில் நீட்டினால் "இன்னொரு தடவையும் கட்டிக்கோ" என்று அர்த்தம். பின்பக்க மடிப்பில் கீழ் ஓரம் மேல் ஓரத்தின் மேலே வரணும். மாற்றி மடித்தால் அது துக்கக் கவர். கடையில் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடிக்கும்போதுதான் இது பெரும்பாலும் தவறுகிறது.

கரிகாலன்77: கவர் பாடம் யார் கேட்டார்? கேள்வி நோட்டு. 2024 நோட்டு புது நோட்டா, இல்லையா?

வேலன்_யோகோஹாமா: மடிக்காமல் இருந்தால் புது நோட்டு.

கரிகாலன்77: அப்போ புது நோட்டுதானே. நான் சொன்னதும் அதுதான்.

வேலன்_யோகோஹாமா: நீங்கள் சொன்னது "பழைய ஃபுகுசாவா அவமரியாதை". மேலே அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன், திரும்பப் படியுங்கள். எந்தப் படமானாலும் சரி, உள்கவரின் முன்பக்கம் பார்த்து, முகம் மேலே வரும்படி வைக்கணும். துக்கத்துக்கு முகம் பின்னால் திரும்பி, கீழே. படத்துக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான்.

சிவகாசி_குமார்: வங்கியில் மாற்றாமல் விட்டுவிட்டால்? பெரும்பாலும் கல்யாணம் சனி, ஞாயிறுதானே.

மீனா_நாகோயா: வெள்ளிக்கிழமை மதியம் மூன்றுக்குள் கவுன்ட்டருக்குப் போயிடுங்க. தப்பினால் மண்டப ஹோட்டல் வரவேற்பில் கேட்கலாம், சில இடத்தில் மாற்றித் தருவாங்க. கவரைச் சட்டைப்பையிலிருந்து உருவிக் கொடுக்காதீங்க. ஃபுகுசா துணியில் சுற்றிக் கொண்டுபோய், வரவேற்பு மேசையில் பிரித்து, எழுத்து அவங்க பக்கம் நேராக இருக்கும்படி திருப்பி ரெண்டு கையாலும் நீட்டணும். ஊதா நிறத் துணி வாங்கினால் நல்லது கெட்டது ரெண்டுக்கும் ஆகும்.

வேலன்_யோகோஹாமா: மீனா சொன்னது சரி. ஷிபுசாவா வம்பை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

மீனா_நாகோயா: வம்பு இல்லை, நடந்தது. வயசான மாமியார் ஒருத்தர் முகம் சுளித்தாலும் சங்கடம் நம்ம ஆளுக்குத்தானே? மடிக்காத ஃபுகுசாவா கையில் இருந்தால் அதையே வைக்கட்டும்.

கரிகாலன்77: பழைய நோட்டை வைக்கச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டீர்களா! வங்கி தருவது எதுவோ அதுதான் புது நோட்டு. ஷிபுசாவா.

வேலன்_யோகோஹாமா: மடிப்பு, கரிகாலன். மடிப்பைப் பாருங்கள், முகத்தை அல்ல.