கடல் காற்றும் பிரேக் தூசியும்: மனசை விட்டுப் போகாத ஒரு வீல் (கடலூர், புதுச்சேரி பக்கத்துக்காரர்கள் அவரவர் ஊர்ப் பெயரில் எழுதியது)

மஞ்சக்குப்பம்:
வெள்ளி நிற அலாய் (அலுமினியக் கலவை) வீல், 15 இன்ச், இடது முன்பக்கம். அயர்ன் ரிமூவர் (பிரேக் தூசியில் இருக்கும் இரும்பைக் கரைக்கும் மருந்து, இரும்பில் பட்டால் ஊதாவாகும்) அடித்து நாலு நிமிஷம் ஆகியும் ஒரு சொட்டுக்கூட ஊதாவாக மாறவில்லை. ஸ்போக் இடுக்கெல்லாம் மிளகுப்பொடி தூவின மாதிரி பழுப்புப் புள்ளி. இரும்புதான், சந்தேகமே இல்லை. பாட்டிலும் புதுசு. விரல் வைத்துப் பார்த்தால் வழவழப்பு: டயருக்கு அடித்த பாலிஷ் ரிம் மேல் தெறித்து, அதன்மேல் தூசி படிந்து, தோல் போர்த்தின மாதிரி மூடியிருந்தது. மருந்து இரும்பைத் தொடவே இல்லை. ஷாம்பு போட்டுத் தேய்த்து, அலசி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி அடித்ததும் ஒன்றரை நிமிஷத்தில் நாவல்பழச் சாறு மாதிரி வழிந்தது. மருந்து கேட்கவில்லை என்று யார் சொன்னாலும் முதலில் இதைப் பாருங்கள். இல்லையென்றால் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே அடித்திருப்பார்கள், மருந்து நீர்த்துப் போயிருக்கும். நீங்கள் பார்த்த வீலையும் எழுதுங்கள்.

உப்பளம்:
வாட்டர் வாஷ் பண்ற இடத்துல லேபிள் இல்லாத பாட்டில், உள்ளே மஞ்சள் தண்ணி. கல் பட்டுப் பெயிண்ட் தெறிச்ச இடத்துல பட்டதும் சோடா மாதிரி நுரை கிளம்புச்சு. பக்கத்துல நின்னவங்க "அழுக்கு கிளம்புது பாரு"ன்னாங்க. அழுக்கு இல்லீங்க, அது அலுமினியம் கரையுற நுரை. வர்றது ஹைட்ரஜன். ரெண்டு மாசத்துல அதே இடத்துலேர்ந்து லேக்கருக்கு (பெயிண்டுக்கு மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு) அடியில வெள்ளைக் கோடு புழு ஊர்ந்த மாதிரி ஓடியிருந்துச்சு. அதுக்கப்புறம் எந்த மருந்தும் கிடையாது. லேக்கரைச் சுரண்டி, பிரைமர், பெயிண்ட், லேக்கர்னு மறுபடி அடிக்கணும்.

அந்த மஞ்சள் தண்ணி கக்கூஸ் கழுவுற ஆசிட். அதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக். அதுல வர்ற குளோரைடுதான் கடல் உப்புலயும் இருக்கு. பீச் ரோட்டுப் பக்கத்துத் தெருவுல ராத்திரி பூரா நிக்கிற வண்டிக்கு உப்பு தானாவே வந்து ஒட்டுது, அதுக்கு மேல ஆசிட்டும் ஊத்தினா வீல் எப்படித் தாங்கும்? காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசரும் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற மருந்து) அலுமினியத்தைத் தின்னும். ஆசிட் இல்லைன்னு சொல்லிட்டு அதை அடிச்சா ரெண்டும் ஒண்ணுதான்.

கடலூர் ஓ.டி.:
உப்பளம் சார், ஆசிட் என்றாலே தொடக்கூடாது என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கறுப்பு அலாய் ஒன்று, நாலு வீலிலும் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு. அரித்துவிட்டது, பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டார்கள். வெறும் போர் தண்ணிக் கறை அது. சமையல் வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ரெண்டு நிமிஷம் ஒற்றி வைத்ததும் போய்விட்டது. வினிகரும் ஆசிட்தானே? பெயிண்ட் முழுசாக இருக்கிற வீலுக்கு அந்த அளவு பரவாயில்லை. உடனே நிறைய தண்ணி விட்டு அலச வேண்டும். நகத்தால் வருடிப் பாருங்கள்: மேடாகத் தட்டினால் சுண்ணாம்புக் கறை, போகும். பள்ளமாகத் தட்டினால் அரிப்பு, போகாது.

நம் பக்கம் போர் தண்ணியில் கழுவிக் காயவிட்டால் கறை விழத்தான் செய்யும். கழுவினது போர் தண்ணியாக இருந்தாலும் கடைசியாக ஒரு குடம் குடிதண்ணி ஊற்றி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அரியாங்குப்பம்:
இடது முன் வீல் கரி பூசின மாதிரி கறுப்பு, வலது முன் வீல் பளிச். ரெண்டையும் ஒரே நாளில் ஒரே கையால் கழுவி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்பக்க பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) தகடு வரைக்கும் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கம் பாதிகூடத் தேயவில்லை. காலிப்பர் (பேடுகளை அழுத்தும் பிடி) நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிவிட்டது.

இங்கே எல்லோரும் தூசியை எப்படி எடுப்பது என்றே பேசுகிறீர்கள். எந்த வீலில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு, அதனால் முன்னால் அதிகம், பின்னால் குறைச்சல் என்பது சரியான கணக்கு. இடது வலது வித்தியாசம் மட்டும் வரக்கூடாது. வந்தால் கழுவும் வேலையை நிறுத்திவிட்டுப் பிரேக்கைப் பாருங்கள். காலிப்பரைக் கழற்றினதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பின் இரண்டையும் முறுக்கி இழுத்து, துருவை மெல்லிய எமரித் தாளால் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்துக் காயவிட்டு, சிலிகான் பிரேக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். சேஸிஸுக்குப் போடும் சாதா கிரீஸ் கூடாது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் பூட் (பின்னை மூடும் உறை) உப்பிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். பூட் கிழிந்திருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் உப்புக்காற்று உள்ளே போய் மறுபடி இதே கதைதான். பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் இடது வலது ரெண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். வண்டியை இறக்கும் முன் பெடலை நாலைந்து தரம் மிதித்துக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். இதை மறந்தால் முதல் திருப்பத்தில் பிரேக் இருக்காது.

மஞ்சக்குப்பம்:
அரியாங்குப்பம் அண்ணே, இது தெரியாத விஷயம் இல்லை. ஆனால் ஸ்டீல் ரிம் வண்டியில் வீல் கப் மூடியிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. கப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது வால்வுக்கான பள்ளம் வால்வுக்கு நேராக வரவேண்டும்.

காலாப்பட்டு:
ஈ.சி.ஆர். வழியா சென்னையிலேர்ந்து வந்து நிறுத்தின அஞ்சாவது நிமிஷம், மத்தியான வெயில். தண்ணி பட்டதும் டிஸ்க்குல சுர்ருன்னு ஆவி. அப்படியே ரிமூவரும் அடிச்சாச்சு. ஒரு நிமிஷத்துல காஞ்சு, ஊதாக் கறை ஸ்போக்குல படம் வரைஞ்ச மாதிரி ஒட்டிக்கிச்சு. வெறும் தண்ணிக்குப் போகாது. அதே ரிமூவரை மறுபடி அடிச்சு, காயறதுக்கு முன்னாடி பிரஷ்ஷால தேய்ச்சு அலசினா இளகும். கொதிக்கிற டிஸ்க்குல பச்சைத் தண்ணி ஊத்துறது டிஸ்க்குக்கும் ஆகாது. புறங்கையை ஸ்போக்குல வைங்க, சூடு தெரிஞ்சா அரை மணி நேரம் நிழல்ல நிக்கட்டும்.

இன்னொண்ணு. கழுவின மறுநாள் காலையில டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறம்னு பயப்படுறவங்க உண்டு. டிஸ்க் வார்ப்பிரும்பு, அதுக்குப் பெயிண்ட் கிடையாது, நம்ம ஊர்க் காத்துல ஒரே ராத்திரியில துரு பூக்கும். கழுவி முடிச்சதும் தெருவுல மெதுவா ஓட்டி ஏழெட்டு தரம் பிரேக் அழுத்திக் காயவெச்சுட்டு நிறுத்துங்க. ஈரத்தோட ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்குல விட்டா, பின் வீல் டிரம் பிரேக்குல ஷூ (உள்ளே இருக்கிற பிரேக் கட்டை) டிரம்மோட ஒட்டிக்கும். சமதரையில கியர்ல விட்டு, வீலுக்குக் கட்டை கொடுத்தாப் போதும்.

நெல்லிக்குப்பம்:
கரும்பு வண்டி போகும் ரோட்டில் ஓடின கார். 80-ல் ஸ்டீயரிங் உதறல், அலைன்மெண்ட் இரண்டு தரம் பார்த்தாகிவிட்டது. ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒரு பக்கமாக அடை தட்டியிருந்தது. சுரண்டி எடுத்ததும் உதறல் நின்றது.

வீலின் முகத்தை மட்டும் கழுவுவதுதான் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம். முறையைச் சொல்லிவிடுகிறேன். வீலுக்கென்று தனி வாளி, தனி துணி. அந்தத் துணி பாடியைத் தொடவே கூடாது, அதில் மாட்டியிருக்கும் இரும்புத் துகள் பெயிண்டைக் கீறும். 10 லிட்டர் தண்ணிக்கு 20 முதல் 30 மி.லி. கார் ஷாம்பு. ஒரு நேரத்தில் ஒரே வீல். முதலில் தண்ணி, பிறகு ஷாம்பு. நட்டுக் குழிக்கு ஒன்றரை இன்ச் பெயிண்ட் பிரஷ் போதும், அதன் தகரப் பட்டியில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். உள்பக்கத்துக்கு நீளக் கைப்பிடி பிரஷ். ரிம்மில் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் வெயிட்டை நெம்பிவிடாமல் தேயுங்கள். பிரஷர் வாட்டர் நாசிலையும் அதற்கு நேரே ஒரு முழத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அலசி, ஒற்றி, ரிமூவர் வீலுக்கு 50 மி.லி., 3 முதல் 5 நிமிஷம். ரிமூவரில் இருக்கும் தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்துதான் அந்த ஊதா நிறம். அழுகின முட்டை நாற்றம் தயோகிளைகோலேட்டுக்கே உள்ளது. கிளவுஸ் கட்டாயம், மூடின ஷெட்டுக்குள் வேண்டாம். பிறகும் சொரசொரப்பு இருந்தால் கிளே பார் (ஒட்டியிருக்கும் துகளை எடுக்கும் களிமண் கட்டி). கடைசியில் சூடு தாங்கும் வீல் சீலண்ட் (பாதுகாப்புப் பூச்சு). அது இருந்தால் அடுத்த முறை தூசி ஷாம்புக்கே வந்துவிடும்.

உப்பளம்:
நெல்லிக்குப்பம் சொன்னது சரி, ஆனா சீலண்டுக்குப் பதிலா டீசல் அடிக்கிற வழக்கத்தையும் எழுதியிருக்கணும். பளபளப்பு ஒரு நாள்தான். அந்த எண்ணெய்ப் பசையில தூசி ரெண்டு மடங்கு ஒட்டும், டயர் ரப்பர் கெடும், டிஸ்க்குல பட்டா பேடு ஊறிப் பிரேக் பிடிக்காது. தார் ஒட்டியிருந்தா மண்ணெண்ணெய் நனைச்ச துணியால அந்தப் புள்ளியை மட்டும் துடைச்சு, உடனே ஷாம்பு போடுங்க.

தவளக்குப்பம்:
டிரம் திறந்ததும் ஏர் கன் வைத்து ஊதினார் ஒரு மெக்கானிக் தம்பி, முகத்தில் ஒரு துணிகூட இல்லை. மேகம் மாதிரி கிளம்பியது. பழைய ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கிறது. தயவுசெய்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து எடுங்கள்.

லாஸ்பேட்டை:
எலக்ட்ரிக் கார், ஓடி ஆறு மாதம், வீலில் தூசியே இல்லை. டிஸ்க்கின் ஓரத்தில் மட்டும் துரு மேடு கட்டியிருந்தது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேடு டிஸ்க்கைத் தொடுவது அபூர்வம், உப்புக்காற்று மட்டும் தினமும் தொடுகிறது. வாரம் ஒரு தரம் பின்னால் வண்டி இல்லாத இடத்தில், ரீஜெனை (மோட்டார் வேகத்தைக் குறைக்கும் அமைப்பை) குறைத்து வைத்து, 50-லிருந்து நாலைந்து தரம் பெடலை நன்றாக அழுத்தி நிறுத்துங்கள்.

மஞ்சக்குப்பம்:
முதலில் சொன்ன வீலுக்கு நெல்லிக்குப்பம் முறைப்படி உள்பக்கமும் முடிந்தது. ஊதா கடைசி வரை வழிந்த இடம் வெயிட்டுக்குக் கீழ் ஓரம். அங்கே மட்டும் இரண்டாம் தரம் அடிக்க வேண்டியிருந்தது.