முதுகுத்தண்டு வளைவால் வரும் வலிக்கு வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகள் எவை?

கரூர் வாசகி:
வணக்கம். எனக்கு வயது 42. முதுகுத்தண்டு வலப்பக்கமாக வளைந்திருப்பது பதின்பருவத்திலேயே தெரியவந்தது. அண்மையில் எடுத்த எக்ஸ்ரேயில், வளைவின் அளவைக் காட்டும் காப் கோணம் 28 டிகிரி என்று குறித்திருக்கிறார்கள். தையல் வேலை செய்கிறேன். மாலையானால் வலது தோள்பட்டையின் கீழும் இடது இடுப்புக்கு மேலும் இறுக்கிப் பிடித்தாற்போல வலிக்கிறது. அறுவைச் சிகிச்சை தேவையில்லை, உடற்பயிற்சி போதும் என்று மருத்துவர் கூறினார். எந்தப் பயிற்சி என்பதுதான் தெரியவில்லை. கம்பியில் தொங்கினால் முதுகு நிமிர்ந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். அது உண்மையா?

இயன்முறை மருத்துவர்:
சகோதரி, எலும்பு வளர்ச்சி முடிந்த வயதில் பயிற்சியால் வளைவு நிமிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கம்பியில் தொங்கும்போது சற்று இதமாக இருந்தாலும், இறங்கியதும் முதுகு பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆனால் வலியைக் குறைக்க முடியும். புடைத்த பக்கத்துத் தசைகள் இழுபட்டுச் சோர்வதும், குழிந்த பக்கத்துத் தசைகள் சுருங்கி இறுகுவதும் இத்தகைய வலிக்கு முக்கியக் காரணங்கள். இவ்விரண்டும் பயிற்சிக்கு இணங்குபவை. மேலும், 30 டிகிரிக்குக் குறைந்த வளைவு வளர்ச்சி நின்றபின் பெரும்பாலும் கூடுவதில்லை.

மூச்சிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியைச் சேர்ந்த கதரீனா ஷ்ரோத் 1920களில், தமக்கே இருந்த வளைவை முன்வைத்து உருவாக்கிய முறையின் அடிப்படை, குழிந்த விலாப்பகுதியை நோக்கி மூச்சைச் செலுத்துவதாகும். உங்களுக்கு அது இடப்பக்கம். முக்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, வலது உள்ளங்கையை மார்பின் குறுக்காகக் கொண்டுவந்து இடது அக்குளுக்குக் கீழே வையுங்கள். அங்குள்ள விலா எலும்புகள் கையைத் தள்ளும்படி மூக்கால் மெல்ல மூச்சிழுத்து, வாயால் நீளமாக விடுங்கள். ஐந்தாறு முறை போதும்.

அடுத்து, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை விடும்போது முதுகை மெதுவாக மேலே உயர்த்தி, இழுக்கும்போது சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். இது பழகியபின் அதே நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டிச் சில நொடிகள் நிறுத்தி, பிறகு பக்கம் மாற்றலாம். இடுப்பு சாயாமல் இருப்பதே இதில் முக்கியம். எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பது பொருட்டல்ல.

கடைசியாக, குதிகால்களின் மேல் அமர்ந்து முன்னே குனிந்து, இரு கைகளையும் வலப்புறமாக நகர்த்தினால் இடது விலாப்பகுதி விரியும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இடது இடுப்பில் வலி இருப்பதைப் பார்த்தால், கீழ்முதுகில் எதிர்த்திசை வளைவொன்றும் இருக்கக்கூடும். அப்படியானால், மேல்வளைவைத் தளர்த்தும் இதே நீட்சி கீழ்வளைவை அதிகப்படுத்தும். எனவே இந்த ஒன்றை மட்டும், எக்ஸ்ரேயை ஓர் இயன்முறை மருத்துவரிடம் நேரில் காட்டியபின் செய்யுங்கள்.

சேலம் அன்பர்:
அம்மா, எனக்கும் இந்த வளைவு உண்டு. கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. பயிற்சியைப் போலவே இருக்கையும் முக்கியம் என்பது என் அனுபவம். தையல் இயந்திரத்தின் மேற்பரப்பு முழங்கை உயரத்துக்கு வரும்படி இருக்கையைச் சரிசெய்யுங்கள். துணிக்கூடையை எப்போதும் ஒரே பக்கம் வைத்துத் திரும்பித் திரும்பி எடுக்க வேண்டாம். மதியத்தில் பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைத்துப் பத்து நிமிடம் கிடந்தால் கீழ்முதுகு நன்றாகத் தளர்கிறது.

கரூர் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. சக்கராசனம் செய்யலாமா? சில நாட்களில் இடது பாதம் மரத்துப்போவதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இயன்முறை மருத்துவர்:
சக்கராசனம் வேண்டாம். பக்கவாட்டு வளைவு உள்ளவர்களில் பலருக்கு மேல்முதுகின் இயல்பான கூனல் ஏற்கெனவே குறைந்து தட்டையாக இருக்கும். பின்னோக்கி அதிகமாக வளைவது அதற்கு மேலும் சுமையாகும். உடலை முழு எல்லைக்கு முறுக்கும் ஆசனங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பாதம் மரத்துப்போவதைத் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு அழுத்தப்படுகிறதா என்று முதுகுத்தண்டு மருத்துவரிடம் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள்; அதுவரை மூச்சுப் பயிற்சியும், வலி தராத அளவுக்கு நடையும் போதும். காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளின் இடுக்கில் உணர்வு மங்கினாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமற்போனாலோ, அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.