மறு: மறு: 'டிராக்கிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு சொல். இன்றைக்கு முப்பது மடலுக்கு மேல் ஆகிவிட்டது, அதில் பாதி 'நாடா' தமிழா இல்லையா என்பதைப் பற்றி. வீடியோ கேசட் போட்டுப் பார்க்கிற பழைய வீ.சி.ஆரை வீட்டிலேயே பழுதுபார்க்கச் சொல்லித்தரும் கையேடு ஞாயிறு வகுப்புக்கு வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாவாடையிலும் தறியிலும் இருக்கிற சொல் வீடியோ கேசட்டுக்குள்ளும் இருந்துவிட்டுப் போகட்டும். நாடாவைத் தொடப்போவதில்லை.

டிராக்கிங்குக்கு வருகிறேன். படத்தில் கோடு விழுந்தால் வீ.சி.ஆரில் நாம் திருப்புகிற அந்தத் திருகு என்ன செய்கிறது என்பதில் தெளிவில்லாமல்தான் பல சொற்கள் வந்திருக்கின்றன. வி.எச்.எஸ். என்கிற வகை வீடியோ கேசட்டில் நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் என்கிற உருளை, கொஞ்சம் சாய்ந்த வாக்கில், நம் ஊர் 'பால்' (PAL) வீடியோ முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதில் எதிரெதிரே இருக்கும், ஹெட் என்கிற இரண்டு காந்த முனைகளும் நாடாவில் சாய்வாகப் பதிந்த தடங்களை மாறி மாறிப் படிக்கின்றன. ஒரு தடத்தின் அகலம் 49 மைக்ரான்தான், ஹெட் அதன்மேல் பிசகாமல் விழவேண்டும். அதற்காகவே நாடாவின் கீழ் ஓரத்தில் சீரான இடைவெளியில் காந்தத் துடிப்புகள் பதிந்திருக்கும். திருகைத் திருப்பினால் ஹெட்டும் நகராது, நாடாவும் மேலே கீழே போகாது. அந்தத் துடிப்புக்கும் டிரம் சுழற்சிக்கும் உள்ள நேர இடைவெளி மாறும், அவ்வளவுதான். எதுவும் எதையும் தேடவில்லை, அதனால் 'தடந்தேடல்' பொருந்தாது. 'தடமறிதல்' போலீஸ்காரர் வேலையாகத் தொனிக்கிறது.

தஞ்சாவூர் ஐயா சொன்ன 'சுவடொற்றல்' அழகான சொல், அந்த மடலை மூன்று முறை படித்தேன். சுவடு, சுவடி, அடியொற்றி நடத்தல் என்று தொடங்கி ஒற்றாடல் அதிகாரத்துக்கே போய்விட்டார். ஒரு ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிற 588ஆம் குறள்தான் இந்த இயந்திரம், கீழ் ஓரத் துடிப்பு ஒரு ஒற்று, ஹெட் இன்னொரு ஒற்று என்று அவர் எழுதியதை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் ஐயா, கையேட்டில் அதற்கு அடுத்த பக்கமே ஹெட்டைத் துடைப்பது பற்றியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோலை டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் வைத்துக்கொண்டு, மற்ற கையால் டிரம்மின் மேற்பகுதியை மெதுவாகச் சுற்றவேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பஞ்சால் ஒற்றியெடுத்தால் இழை மாட்டிக்கொள்ளும். முன்பக்கத்தில் 'ஒற்றல்' என்று படித்த பையன் பின்பக்கத்தில் பஞ்சை எடுத்து ஒற்றத்தான் செய்வான். அந்த பயத்தில்தான் தயங்குகிறேன்.

போன மாதம் ஒரு மாணவி தன் அம்மாவின் கல்யாணக் கேசட்டைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் அந்தத் திருகையே திருப்பிக்கொண்டிருந்தாள். திரை முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது, சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஹெட்டில் பூஞ்சை கலந்த பழுப்பு அழுக்கு. துடைத்த பிறகு அதே கேசட்டில் தாலி கட்டுவது தெரிந்தது, திரையின் அடியில் மட்டும் ஒரு பட்டை ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டைக்குத்தான் திருகு. இரண்டு கோளாறையும் பிரித்துக் காட்டுகிற சொல்தான் எனக்கு வேண்டும், எவ்வளவு தூய சொல் என்பது அதற்குப் பிறகுதான்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது:

> கரண்ட் இல்லாத காலத்தில ஜெனரேட்டர் பிடிச்சு டெக்கில படம் பாத்த ஆக்கள் நாங்கள். கோடு விழுந்தால் 'ட்ராக்கிங்கைப் பார்' எண்டுதான் கத்துவம். அது போதாதோ?

கத்துவதற்குப் போதும், நானும் அப்படித்தான் கத்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் டெக் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் அது போதும். என் வகுப்பில் பாதிப்பேர் 2016இல் வீ.சி.ஆர். தயாரிப்பு நின்றபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். 'டிராக்கிங்' என்றால் அவர்களுக்குக் கூரியர் எங்கே வருகிறது என்று பார்ப்பது.

பினாங்கு அம்மா 'தடச்சீர்' என்றார்கள். சுருக்கம்தான், ஆனால் அது ஒரு நிலையின் பெயர், கை செய்கிற வேலை அதில் இல்லை. 'தடம் சேர்த்தல்' என்றதற்கு நேற்று இரவு வரை ஏழுபேர் சரி என்றிருக்கிறார்கள், அதில் மூன்றுபேர் முடித்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'கடைக்காரர்கள் டிராக்கிங் என்பார்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இன்று காலை ஐயா இன்னொன்று கேட்டிருக்கிறார்: அறுந்த நாடாவை ஒட்டுவதையும் 'சேர்த்தல்' என்றுதானே படிப்பார்கள்? நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்தில் எல்லா இடத்திலும் 'ஒட்டுதல்' என்று மாற்றிவிட்டேன், அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அவர் சுவடொற்றலை விடவில்லை, விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

அப்புறம், 'பிஞ்ச் ரோலர்' இன்னும் நிற்கிறது. நாடாவைச் சுழலும் உலோக அச்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு ஓடுகிற ரப்பர் உருளை; நாள்பட்டால் பளபளத்து வழுக்கும். 'கிள்ளுருளை' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் சொல்லுங்கள்.