படப்பையா, ஊரப்பாக்கமா?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

வியாழன்

நான்: சென்னைக்கு வெளியே, படப்பையில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். இரண்டு பெட்ரூம், கார் பார்க்கிங். ஊரப்பாக்கத்தில் பார்த்ததைவிட 10 லட்சம் குறைவு. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அத்தை: ரொம்ப சந்தோஷம்ப்பா. பூஜை அறை எந்தப் பக்கம்?

சித்தப்பா: "தாம்பரத்திலிருந்து 15 நிமிடம்" என்று போட்டிருக்கிறதே, எத்தனை மணிக்கு?

அக்கா: விடியற்காலை 4 மணிக்கு சித்தப்பா 😄

சித்தப்பா: கிண்டி ஆபீசுக்கு எப்படிப் போவாய்?

நான்: பைக்தான். போக வர 56 கி.மீ.

சித்தப்பா: 25 நாளைக்கு 1,400 கி.மீ. உன் வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் 31 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வை, 3,100. உன் மனைவி ஸ்கூட்டிக்கு 1,200. பிள்ளைக்கு ஸ்கூல் வேன் 2,500.

அக்கா: தண்ணீர் லாரியை விட்டுவிட்டீர்களே! எங்கள் ஃபிளாட்டில் மார்ச் பிறந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் லாரி. போன வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது எதிர்வீட்டு கேட்டில் இடித்துவிட்டான். டிரைவரும் எதிர்வீட்டுக்காரரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஹோஸ் கழன்று, பாதித் தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் போய்விட்டது. அதை இறைக்க டீசல் மோட்டார் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வரவும் டீசல், போகவும் டீசல். மாதம் எங்கள் பங்கு 1,500.

நான்: ஊரப்பாக்கத்திலும் லாரிதானே அக்கா.

சித்தப்பா: சரி, லாரியைக் கழித்துவிடு. மாதம் 6,800 ஆகிறது. அந்த 10 லட்சத்தைக் கூடுதலாகக் கடன் வாங்கினால், எட்டரை வட்டியில் 20 வருஷத்துக்கு இ.எம்.ஐ. 8,700 பக்கம்.

நான்: பார்த்தீர்களா, படப்பைதான் லாபம் 😀

சித்தப்பா: இன்றைக்கு லாபம். இ.எம்.ஐ. 20 வருஷத்தில் தீர்ந்துவிடும். பெட்ரோல் செலவு தீராது.

அத்தான்: பெட்ரோலே தீர்ந்துவிட்டால்?

அக்கா: வந்துவிட்டார்.

அத்தான்: விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2022-ல் நான் கொழும்பில் இருந்தேனே. பைக்குக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. கியூஆர் கோடு காட்டினால்தான் பெட்ரோல் பங்கில் ஊற்றுவார்கள். பூமிக்குள் எண்ணெய் தீர்ந்து போகவில்லை, வாங்க டாலர் இல்லை, அவ்வளவுதான். வரிசையில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். தெஹிவளையில் ஸ்டேஷன் பக்கத்தில் வீடு இருந்ததால் நான் ரயிலில் தொங்கிக்கொண்டாவது போய்ச் சேர்ந்தேன். உள்ளே தள்ளி வீடு கட்டியிருந்த மேனேஜர் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார். மாப்பிள்ளை, உன் கணக்குப்படி உனக்கு வாரம் 7 லிட்டர் வேண்டும்.

நான்: இங்கே அந்த மாதிரி எல்லாம் வராது அத்தான்.

சித்தப்பா: நாம் எரிக்கிற கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. 1973-ல் அரபு நாடுகள் கையை இறுக்கியபோது இங்கேயும் பெட்ரோல் விலை ஏறியது. வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றத்துக்குப் போனார், தெரியுமா?

அத்தை: படப்பையில் மாடு கட்ட இடம் இருக்கிறதா?

நான்: 😂 எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிடுகிறேன். 3 யூனிட் ஏற்றினால் 90 கி.மீ. ஓடும்.

சித்தப்பா: வாங்கு, நல்லதுதான். ஆனால் அந்தக் கரன்டுக்கும் ஒடிசா தால்சேரில் நிலக்கரி வெட்டி, பாரதீப்பில் கப்பல் ஏற்றி, எண்ணூரில் இறக்க வேண்டியிருக்கிறது.

நான்: மாடியில் சோலார்?

அக்கா: தனி வீடாக இருந்தால் போடலாம், 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் தருகிறார்கள். ஆனால் 300 சதுர அடி இடம் வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் வடாம் காயவைக்கவே மூன்று வீட்டுக்குச் சண்டை.

சித்தப்பா: சென்னை பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள். இறங்கினால் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டுக்கு வீடு பைக் வந்தபிறகுதான் ஸ்டேஷனே இல்லாத இடத்திலும் துணிந்து மனை போட்டார்கள். நீ படப்பையில் பார்த்திருக்கிற ஃபிளாட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு ஸ்டேஷன் சொல்லு.

நான்: …

அத்தை: பிள்ளையைப் போட்டு வறுக்காதே. சாப்பிட்டாயாப்பா?

நான்: இன்னும் இல்லை அத்தை. சித்தப்பா, ஊரப்பாக்கம் ஃபிளாட்டும் ஸ்டேஷன் பக்கத்தில்தான் என்று புரோக்கர் சொன்னார். நான் போனது பைக்கில்.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போ. இறங்கி நடந்து பார்.

ஞாயிறு

நான்: பிளாட்பாரத்திலிருந்து ஃபிளாட் கேட் வரை 17 நிமிடம்.

சித்தப்பா: பரவாயில்லையே!

நான்: கடைசி இரண்டு தெருவில் நாய் துரத்தியது சித்தப்பா. இல்லாவிட்டால் 20 ஆகும்.