சூடானால் நின்றுவிடும் சிஜே3பி ஜீப்: பெட்ரோல் லைனில் என்ன மாற்றலாம்?

மஹிந்திரா சிஜே3பி, ஹரிகேன் எஃப் ஹெட் பெட்ரோல் இன்ஜின், 2.2 லிட்டர், 12 வோல்ட். வீட்டிலேயே பிரித்துச் சேர்த்த வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. மதியம் ஜிஎஸ்டி ரோட்டில், தாம்பரம் நெரிசலில் 20, 25 நிமிடம் ஊர்ந்தால் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்து அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஏப்ரலில் ஆரம்பித்தது, இப்போது தினமும்.

நின்ற கையோடு பார்த்தால் ஸ்பார்க் நீலமாக வருகிறது. கார்புரேட்டர் கிண்ணம் காலி. கண்ணாடி ஃபில்டருக்குள் பெட்ரோல் சோடா மாதிரி குமிழி விடுகிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் ஐந்தே நிமிடத்தில் ஸ்டார்ட். ஆக, வேப்பர் லாக்தான் (சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் அடைத்துக்கொள்வது).

காயில், கண்டென்சர் புதுசு. பாயின்ட் இடைவெளி 0.5 மி.மீ. பம்புக்குப் புதுப்பேட்டையில் வாங்கிய டயாபிரம் கிட் போட்டாயிற்று (முதல் கிட்டின் ரப்பர் ஒரே வாரத்தில் உப்பிவிட்டது, எத்தனால் பெட்ரோலுக்கு ஆகாத ரப்பர் போல). டேங்க் மூடியின் காற்றுத் துளை சுத்தம். ரேடியேட்டருக்கு ராடு அடித்தபின் (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுப்பது) டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் போன லைனை இரண்டு அங்குலம் தள்ளி, ஹீட் ஸ்லீவ் சுற்றினேன். பத்து நிமிடம் கூடுதலாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

மெக்கானிக்கல் பம்பை வைத்துக்கொண்டே டேங்குக்கு ரிட்டர்ன் லைன் (மிஞ்சும் பெட்ரோலையும் ஆவியையும் திருப்பி அனுப்பும் குழாய்) இழுப்பதா, அல்லது அதை எடுத்துவிட்டு டேங்க் அருகே 3 பிஎஸ்ஐ எலெக்ட்ரிக் பம்ப் போடுவதா: சென்னை வெயிலில் எது நின்று உழைக்கிறது?