தேவனாம்பட்டினம் விடியலில் வானம் வெளுக்கிறது, கரை கறுக்கிறது: எங்கே தப்பு?

கெடிலக்கரை:

தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி ராக் பீச்சிலும் சூரிய உதயம் எடுக்கிறேன். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர், கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ், சுமாரான எடையில் ஒரு டிரைபாட், 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). எல்லாம் ரா ஃபைல்தான் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு). மூன்று கோளாறு விடாமல் வருகிறது.

சூரியன் தலைகாட்டியதும் அதைச் சுற்றியுள்ள செம்மஞ்சள் திட்டுத்திட்டாக வெளுத்துவிடுகிறது. அதைக் காப்பாற்ற எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை) குறைத்தால் மணலும் படகும் கரியாகிவிடுகின்றன. என்டி போட்டு ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் படம் மங்கலாக, நடுவே ஊதாப் பட்டையோடு வருகிறது. ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் பனி படிந்து முதல் அரைமணி நேரம் வீண்.

பொங்கலுக்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். எண்களோடு சொன்னால் பெரிய உதவி.

உப்பங்கழி:

செட்டிங்கை அப்புறம் பார்ப்போம், முதலில் நேரம். உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொன்னொளி கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். அது சூரியன் சாய்ந்து ஏறும் வடதேசங்களின் கணக்கு. நாம் இருப்பது 12 பாகை அட்சரேகை. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும், அரைமணி நேரத்தில் 6 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே நம் வேலையில் பெரும்பகுதி உதயத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் உதயம் 6:30-ஐ ஒட்டி வருகிறது. 5:45-க்கு டிரைபாட் ஊன்றி, ஃபிரேம் முடிவாகியிருக்கட்டும்.

சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும் நேரம் முதல் உதயம் வரை சுமார் 22 நிமிடம். அதற்குள் வெளிச்சம் ஏறக்குறைய 7 ஸ்டாப் கூடுகிறது, அதாவது ஏழு முறை இரட்டிக்கிறது. 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப்! 6:10-க்குப் பார்த்து வைத்த எக்ஸ்போஷரையே 6:20 வரை ஓட்டினால் வானம் போய்விடும். இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறையாவது ஹிஸ்டோகிராமை (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) திறந்து பாருங்கள்.

அதிலும் வெள்ளை நிறத்தில் வரும் பொது ஹிஸ்டோகிராமை நம்பாதீர்கள், மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டுவதைப் போடுங்கள். உதயத்தில் முதலில் வலது ஓரத்தை முட்டுவது சிவப்பு. சிவப்பு முட்டி நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போனால் செம்மஞ்சள் மஞ்சளாகத் திரிந்து, பிறகு வெள்ளையாகும். நீங்கள் சொல்லும் திட்டு அதுதான். சிவப்பு ஓரத்தைத் தொடாத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்குங்கள். சூரிய வட்டத்தின் உள்பகுதி வெளுத்தால் போகட்டும், அதைச் சுற்றியுள்ள வானம்தான் முக்கியம். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் இருந்தால் படத்துக்குப் படம் ஹிஸ்டோகிராமும் ஆடும்.

ஃபோகஸ்: 18 மி.மீ., எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு), ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றினால் முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. எஃப் 22-க்குப் போகாதீர்கள், துளை சிறுத்து ஒளி அதன் விளிம்பில் வளைவதால் மொத்தப் படமும் மழுங்கும்.

வாடைக்காற்று:

ஊதாப் பட்டைக்கு ஃபில்டரைக் குறை சொல்ல முடியாது. டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாக வெளிச்சம் பின்னாலிருந்து உள்ளே கசியும். 1/15 வினாடியில் அது தெரியாது. 10 ஸ்டாப் போட்டு ஒரு நிமிடம் திறந்துவைத்தால் அப்பட்டமாகத் தெரியும். ராக் பீச்சில் உங்கள் முதுகுக்குப் பின்னால் பீச் ரோடு விளக்குகள் வேறு. கேமரா வாரில் சின்ன ரப்பர் மூடி இருக்கிறதா பாருங்கள், அதற்காகவே கொடுப்பது. இல்லாவிட்டால் கறுப்பு டேப் ஒட்டுங்கள். படம் முழுக்கச் சீராக நீலமோ பழுப்போ ஏறினால்தான் அது ஃபில்டரின் நிறம். ரா ஃபைலில் ஒரே இழுப்பில் சரியாகிவிடும்.

வரிசை முக்கியம். ஃபில்டர் இல்லாமல் ஃபிரேம், ஃபோகஸ், மீட்டர் (வெளிச்ச அளவு). ஃபோகஸை மேனுவலில் பூட்டு. லென்ஸின் ஸ்டெபிலைசரை (ஆட்டத்தைச் சமாளிப்பது) அணை. அப்புறம் ஃபில்டர். ஃபில்டர் இல்லாமல் 1/15 வினாடி என்றால், 6 ஸ்டாப்புக்கு 4 வினாடி, 10 ஸ்டாப்புக்கு 68 வினாடி. விடியலில் வெளிச்சம் ஏறிக்கொண்டே போவதால் 68-ஐ 50-ஆகக் குறையுங்கள். மாலையில் இதற்கு நேர்மாறு.

மங்கலுக்குக் காரணம் மணல். ஈர மணலில் நிற்கும்போது அலை திரும்பினால் குதிகாலுக்கு அடியில் குழி விழுமே, டிரைபாட் காலுக்கும் அதேதான் நடக்கிறது. கால்களை அகலமாக விரித்து ஒரு சாண் ஆழத்துக்கு அழுத்தி, நாலைந்து அலை வந்துபோகும்வரை விடுங்கள். அது தானாக இறங்கி உட்கார்ந்த பிறகு மட்டத்தைச் சரிசெய்து எடுங்கள். இன்னொன்று: அடியில் உள்ள மெல்லிய காலை முதலில் ஒரு முழம் இழுத்துவிட்டு, அப்புறம் மேல்கால்களை நீட்டுங்கள். அப்போது பூட்டு தண்ணீருக்கு மேலேயே இருக்கும். உப்பும் மணலும் பூட்டுக்குள் போனால் அடுத்த மாதமே இறுகிவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, கால்களை நீட்டியபடியே காயவிடுங்கள்.

லென்ஸ் பனிக்கு: ராத்திரியே கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். வெளியே வந்தும் அரைமணி நேரம் திறக்கக் கூடாது. ஈரம் கவரின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றினால் சென்சாரிலேயே பனி படியும், அது இன்னும் மோசம்.

மார்கழி, தையில் வாடை கடல் பக்கமிருந்து அடிப்பதால் உப்புத் துளி நேராக லென்ஸுக்கு வரும். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் பரல் கோடு போட்டுவிடும். முதலில் பம்ப்பால் ஊதுங்கள், நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில்தான் காய்ந்த துணி.

கெடிலக்கரை:

ரொம்ப நன்றி. ரப்பர் மூடி வாரில்தான் இருக்கிறது, இத்தனை நாள் எதற்கென்றே தெரியாது. வானத்துக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் கறுத்தது) வாங்கட்டுமா, பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்ப்பது) போதுமா? செஞ்சி மலைக்கும் இதே முறைதானா?

செம்மண்மேடு:

கடலுக்கு கிராஜுவேட்டட்தான் என் கட்சி. பிராக்கெட்டிங்கில் 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்தால் மூன்றிலும் அலை வேறு வேறு இடத்தில் இருக்கும், சேர்க்கும்போது நுரை பேய்போல இரட்டிக்கும். அப்படியே எடுத்தாலும் வானத்தை ஒரு படத்திலிருந்தும் தண்ணீர் முழுவதையும் இன்னொன்றிலிருந்தும் எடுத்து, கையால் சேருங்கள்.

ராக் பீச்சில் அடிவானம் நேர்க்கோடு, 3 ஸ்டாப் ஹார்ட் (கறுப்பு சட்டென்று முடிவது) போதும். ஆனால் தாழங்குடா முகத்துவாரத்தில் அசையாத தண்ணீரில் பிரதிபலிப்பு எடுக்கும்போது அதே 3 ஸ்டாப் படத்தைக் கெடுக்கும். தண்ணீரில் விழும் வானம் நிஜ வானத்தைவிட ஒரு ஸ்டாப் அளவுக்குத்தான் மங்கல். 3 ஸ்டாப் போட்டால் பிரதிபலிப்பு வானத்தைவிடப் பிரகாசமாகி, ஏதோ இடறுகிறதே என்று பார்ப்பவர் கண்ணுக்கே தோன்றும். அங்கே 1 அல்லது 2 ஸ்டாப் சாஃப்ட் (கறுப்பு மெல்ல மெல்லக் குறைவது).

செஞ்சிக்கு கிராஜுவேட்டட் ஒத்துவராது. ராஜகிரிக் குன்றின் உச்சி வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், ஃபில்டர் அதன் தலையையும் சேர்த்துக் கறுக்கும். பாறை நகராது, அதனால் அங்கே தாராளமாக பிராக்கெட்டிங். அந்தக் கருங்கல் உருண்டைகளுக்கு உயிர் கொடுப்பது பக்கவாட்டு வெளிச்சம். சூரியனை முதுகில் வைத்து எடுத்தால் குன்று தட்டையாகிவிடும், வெளிச்சம் தோள்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, உள்ளே டிரைபாடுக்கு அனுமதி கேட்க வேண்டும். கதவு திறப்பதற்குள் நல்ல வெளிச்சம் தீர்ந்துவிடும் என்பதால் விடியலுக்கு வெளியே வயல் ஓரத்திலிருந்து எடுப்பதே மேல்.

உப்பங்கழி:

ஒன்று விட்டுப்போயிற்று. நம் கடற்கரையில் மாலையை யாரும் மதிப்பதில்லை, சூரியன் ஊருக்குள் மறைகிறதே என்று. மறைந்து பத்து நிமிடத்தில் கிழக்கே கடலைப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் பட்டை எழும், அதன்மேல் இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பல்தான் பூமியின் நிழல். வானத்துக்கும் கரைக்கும் வெளிச்ச வித்தியாசம் மிகக் குறைவு, ஃபில்டரே வேண்டாம். என் கணக்கில் கிட் லென்ஸ்காரருக்கு உதயத்தைவிட இது நல்ல பள்ளிக்கூடம்.

பௌர்ணமிக்கு முதல் நாள் நிலா சூரியன் மறையும் முன்பே கடலில் எழுந்துவிடும், அன்றுதான் நிலாவும் கரையும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். பௌர்ணமியன்று வானம் சீக்கிரம் இருட்டி, நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகும். 200 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் 1/4 வினாடிக்கு மேல் போகாதீர்கள், நிலா நகர்ந்து கோணலாகும்.

பிச்சாவரம் போனால் டிரைபாடை வண்டியிலேயே விடுங்கள், படகு ஆடும்போது அதனால் பயனில்லை. 1/250 வினாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) தேவைப்பட்டால் 1600, பொலரைசர் ஃபில்டர். இலைப் பளபளப்பை அது எடுத்துவிட்டால்தான் சுரபுன்னையின் பச்சை தெரியும். தில்லை மரக் கிளையை ஒடித்து வழிவிடப் பார்க்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.